தேவதூதர், குரு, ஜீவசமாதி, தர்கா: வழி கேக்கணும்னா எப்படி கேக்கறது

வழி கேக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா முதல் வேலை பஸ் ஏறுறது இல்ல, கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதுறது. "என் வாழ்க்கை எப்ப சரியாகும்" அப்படின்னு எழுதுனீங்கன்னா அது கேள்வி இல்ல புலம்பல், புலம்புறதும் தப்பில்ல, சாமிகிட்ட புலம்பாம யார்கிட்ட புலம்புறது, ஆனா அதுக்கு பதில்னு ஒண்ணு வந்தாலும் நமக்கு அடையாளம் தெரியாது. "சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு, இங்க அம்மாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், போகவா இருக்கவா" இது கேள்வி. கீழேயே இன்னொரு வரி எழுதுங்க, எனக்கு உள்ளுக்குள்ள எந்த பதில் வரணும்னு ஆசையா இருக்குன்னு. இந்த ரெண்டாவது வரியை எழுதாம போறவங்கதான் நாலு எடத்துல கேட்டு, மூணு எடத்துல வேண்டாம்னு வந்து, நாலாவதா ஒரு எடத்துல போகலாம்னு வந்ததும் "பாத்தீங்களா சாமியே சொல்லிருச்சு"ன்னு சொல்றாங்க.

அடுத்து, யார்கிட்ட கேக்கறோமோ அந்த வீட்டு முறைப்படி கேக்கணும். ஒவ்வொரு மதத்துலயும் கேக்கறதுக்குன்னு ஒரு முறை இருக்கு, வந்த பதிலை சோதிச்சு பாக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. நம்மாளுங்க முதல் பாதியை மட்டும் எடுத்துக்குறாங்க, ரெண்டாவது பாதியை விட்டுடுறாங்க, அங்கதான் ஏமாறுறதே.

சிவன்மலையை எடுத்துக்கோங்க. காங்கேயம் பக்கத்துல முருகன் கோயில், அங்க ஆண்டவர் உத்தரவு பெட்டின்னு ஒரு கண்ணாடி பெட்டி இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். யாராவது ஒரு பக்தர் கனவுல முருகன் வந்து இந்த பொருளை வைன்னு சொன்னா அதை கொண்டுவந்து பெட்டியில வைப்பாங்க, அடுத்த ஆளுக்கு உத்தரவு வர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கும், மண்ணு, தண்ணி, சைக்கிள்னு என்னென்னமோ வந்திருக்கு. பேப்பர்ல "அதனாலதான் இது நடந்துச்சு"ன்னு எழுதுவாங்க, அதை விடுங்க. நான் கவனிக்க சொல்றது வேற. கனவு வந்துச்சுன்னு ஒருத்தர் வந்து சொன்ன உடனே தூக்கி வச்சிட மாட்டாங்க, சாமிகிட்ட பூ கேப்பாங்க, வெள்ளைப்பூ வந்தாதான் பெட்டிக்குள்ள போகும். அதாவது கனவுல முருகனே வந்தாலும் அந்த கோயில்ல ரெண்டாவது தடவை கேட்டு உறுதி பண்ணிக்குறாங்க. அப்ப நமக்கு விடியக்காலைல வந்த கனவை நம்பி மட்டும் ஏன் வேலைய ரிசைன் பண்ணணும்?

வீட்டுல பூக்கட்டி பாக்குற பழக்கம் உள்ளவங்களுக்கு முறை தெரியும், வெள்ளையும் சிவப்பும் தனித்தனியா ஒரே மாதிரி பேப்பர்ல மடிச்சு, சாமி முன்னாடி போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்க சொல்றது. செய்யலாம். ஆனா அது எப்ப பொருந்தும்னா ரெண்டு வழியுமே நல்ல வழியா இருந்து, யோசிச்சு யோசிச்சு தராசு நேரா நிக்கிறப்ப மட்டும்தான். பைபிள்ல இதுக்கு சரியான உதாரணம் இருக்கு. யூதாஸ் போனப்புறம் அந்த எடத்துக்கு ஆள் போட இயேசுவோட சீடர்களான அப்போஸ்தலர்கள் சீட்டு போட்டாங்க, மத்தியாஸ் பேர் வந்துச்சு. ஆனா சீட்டுக்கு முன்னாடி அவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க: யோவான் ஞானஸ்நானம் குடுத்த காலத்துலேர்ந்து நம்ம கூடவே இருந்தவரா இருக்கணும்னு தகுதி வச்சாங்க, அதுல ரெண்டு பேரை நிறுத்துனாங்க, ஜெபம் பண்ணாங்க, அப்புறம்தான் சீட்டு. கண்டவங்க பேரையெல்லாம் எழுதி குலுக்கல. டிசம்பர் 31 ராத்திரி சர்ச்சுல வாக்குத்தத்த அட்டை எடுக்குறவங்களும் இதை கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கணும், அது அந்த வருஷம் முழுக்க தெம்பு குடுக்குற வசனம், நல்லது, ஆனா "உன் எல்லையை விரிவாக்குவேன்"ங்கற மாதிரி ஒரு அட்டை வந்துச்சுன்னு லோன் போட்டு பக்கத்து பிளாட்டை வாங்குறதுக்கு அது பத்திரம் ஆகாது.

சரி தேவதூதர்களுக்கு வருவோம். இப்ப ரீல்ஸ் முழுக்க ஏஞ்சல் நம்பர்தான், 11:11 பாத்தா இது, 444 பாத்தா அது, ஏஞ்சல் கார்டு ரீடிங் ஒரு கேள்விக்கு இவ்வளவுன்னு ஜிபே நம்பரோட. இதுக்கு எந்த மதத்துலயும் பழைய வேர் கிடையாது, சமீபத்துல வெளிநாட்டுல கிளம்புன சமாச்சாரம், அதுல இந்த கார்டுகளை உலகம் பூரா பரப்புன அமெரிக்க எழுத்தாளரே 2017ல கிறிஸ்தவத்துக்கு போயி, இதெல்லாம் வேண்டாம் விட்டுடுங்கன்னு தன் கார்டுகளையே கைவிட்டுட்டாங்க. நம்பர் பாத்து மனசுக்கு சந்தோஷமா இருந்தா இருந்துட்டு போகட்டும், முடிவெடுக்க அதை வச்சுக்காதீங்க.

கத்தோலிக்க வீடுகள்ல காவல் சம்மனசுக்கு, அதாவது காவல் தூதருக்கு, ஜெபம் சொல்ற பழக்கம் ரொம்ப பழசு, சின்ன ஜெபம், பாட்டிங்க தூங்க வைக்கறப்ப சொல்லி குடுப்பாங்க. அதுல கேக்கறது என்னன்னா என்னை காத்துக்கோ, நடத்து, வெளிச்சம் குடு, அவ்வளவுதான். எதிர்காலத்தை சொல்லுன்னு அதுல இல்ல. செய்யணும்னா காலைல எந்திரிச்சதும் அந்த ஜெபம், அப்புறம் அந்த பேப்பர் கேள்வியை ஒரு தடவை சத்தமா படிங்க, அன்னிக்கு யார் என்ன சொன்னாலும் காதை தொறந்து வச்சுக்கோங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு நடந்ததை திரும்ப ஓட்டி பாருங்க. அக்டோபர் 2 காவல் தூதர்கள் திருநாள், செப்டம்பர் 29 மிக்கேல், கபிரியேல், ரபேல் மூணு அதிதூதர்கள் திருநாள், ஆரம்பிக்க நாள் தேடுறவங்க அதை எடுத்துக்கலாம். உங்க ஏஞ்சலுக்கு பேர் வைக்கிறேன்னு சொல்றவங்ககிட்ட போகாதீங்க, பைபிள்ல வந்த இந்த மூணு பேரை தவிர தூதர்களுக்கு தனியா பேர் வைக்கிற பழக்கம் வேண்டாம்னு வாடிகனே 2001ல எழுத்துல சொல்லிருக்கு. பைபிளோட கடைசி புத்தகத்துல யோவான் ஒரு தூதரோட கால்ல விழப்போவார், அந்த தூதர் பதறி அப்படி செய்யாத, நானும் உன்னை மாதிரி ஒரு வேலைக்காரன், கடவுளை கும்பிடுன்னு சொல்வார். தன்னை கும்பிட சொல்ற தூதர் தூதர் இல்ல, இந்த ஒரு சோதனையே பாதி பேரை கழிச்சிடும்.

எனக்கு ரொம்ப புடிச்சது தோபித்து கதை. கத்தோலிக்க பைபிள்ல இருக்கும், புராட்டஸ்டண்ட் பைபிள்ல இருக்காது. கண்ணு தெரியாத அப்பா, தூர ஊர்ல ஒருத்தர்கிட்ட குடுத்து வச்ச பணத்தை வாங்கிட்டு வர மகனை அனுப்பணும், வழி தெரிஞ்ச துணை ஆள் வேணும். ரபேல் தூதர் சாதாரண ஆள் வேஷத்துல வந்து நிக்கிறார். அப்பா என்ன பண்றார் தெரியுமா, நீ எந்த குலம், எந்த குடும்பம், யார் மகன்னு விசாரிச்சு, நாளுக்கு இவ்வளவு கூலின்னு பேசி முடிச்சுட்டுதான் மகனை கூட அனுப்புறார். தேவதூதரையே இன்டர்வியூ பண்ணி சம்பளம் பேசிருக்காங்க! தூதரும் கோவிச்சுக்கல. வழியெல்லாம் கூடவே நடந்து, மீனை புடி, பித்தப்பையை எடுத்து வைன்னு அந்தந்த நேரத்துக்கு வேண்டியதை சொல்லி, கல்யாணமும் முடிச்சு வச்சு, பத்திரமா வீட்டுக்கு கூட்டிட்டு வந்து, சொன்ன கூலிக்கு மேல, கொண்டு வந்ததுல பாதியையே தர்றோம்னு நிக்கிறப்பதான் நான் யாருன்னு சொல்றார், ஒத்த பைசா வாங்காம போயிடறார். எந்த குருவா இருந்தாலும் எந்த குறி சொல்றவரா இருந்தாலும் இந்த கதையை பக்கத்துல வச்சு பாருங்க: விசாரிச்சா முகம் சுளிக்கிறாரா, கடைசில என்ன கேக்கறார்.

முஸ்லிம்கள்கிட்ட மலக்குகளை, அதாவது தேவதூதர்களை, நம்புறது ஈமான்ல (இறைநம்பிக்கையில) ஒரு பகுதி, ஆனா மலக்குகிட்ட கேக்கறது கிடையாது, கேக்கறது அல்லாஹ்கிட்ட மட்டும். அதுக்குன்னே இருக்கறது இஸ்திகாரா. ஃபர்ளு (கடமையான தொழுகை) இல்லாம தனியா ரெண்டு ரக்அத் தொழுதுட்டு, நபியவங்க சொல்லி குடுத்த துஆவை (பிரார்த்தனையை) ஓதணும், அதுல உங்க காரியத்தை பேர் சொல்லி வைக்கணும். அந்த துஆ கேக்கற விதமே அலாதி: இது என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் முடிவுக்கும் நல்லதுன்னா எனக்கு லேசாக்கி குடு, கெட்டதுன்னா இதை என்கிட்டேர்ந்து திருப்பு, என்னையும் இதுகிட்டேர்ந்து திருப்பு, நல்லது எங்க இருக்கோ அதை குடுத்து அதுல என் மனசை பொருந்த வை. கனவு வரணும், பச்சை கலர் தெரியணும்னு நிறைய பேர் காத்துட்டு இருக்காங்க, அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. ஓதிட்டு, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட மஷூரா (ஆலோசனை) பண்ணிட்டு, எது சரின்னு படுதோ அதுல காலை எடுத்து வைக்கணும், வழி லேசாகுதா அடைபடுதான்னு பாக்கணும். கடமையான விஷயத்துக்கும் ஹராமான (மார்க்கம் தடுத்த) விஷயத்துக்கும் இஸ்திகாரா இல்ல, அம்மாவை கவனிக்கணுமான்னு கேக்க முடியாது. இன்னொண்ணு, உங்களுக்காக நான் பாத்து சொல்றேன்னு காசு வாங்குறவங்க இருக்காங்க, தேவையே இல்ல, தேவை உள்ளவங்களே செய்யவேண்டியது இது.

தர்கா விஷயம் வேற. நாகூர்ல சாகுல் ஹமீது நாயகம் அடங்கியிருக்கற எடம், அஞ்சு மினாரா, அதுல ரொம்ப உயரமான பெரிய மினாராவை கட்டினது தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய ராஜா பிரதாப் சிங், இன்னிக்கும் அங்க வர்றதுல இந்துக்கள் அவ்வளவு பேர். தலையை மூடிக்கோங்க, செருப்பை வெளியில விடுங்க, பொம்பளைங்க எதுவரை போகலாம்னு வாசல்லயே கேட்டுக்கோங்க. முஸ்லிம்கள்லயே தர்காவுல போய் கேக்கறது கூடவே கூடாதுங்கறவங்களும் உண்டு, அவுலியாவை (இறைநேசரை) முன்னிட்டு அல்லாஹ்கிட்டதான் கேக்கறோம்ங்கறவங்களும் உண்டு, விருந்தாளியா போற நாம அந்த சண்டைக்குள்ள தலைய குடுக்க வேண்டாம். உள்ள போனா வழியில நாலு பேர் ஓதி விடுறேன்னு கை நீட்டுவாங்க, எல்லா பெரிய எடத்துலயும் உள்ளதுதான், ஒரு பத்து இருபது ரூபாயோட நிறுத்திக்கோங்க. அப்படியே கடற்கரையோரமா தெக்க போனா கொஞ்ச தூரத்துல வேளாங்கண்ணி, நிறைய குடும்பம் ஒரே நாள்ல ரெண்டும் முடிச்சுட்டு வருது, யாரும் யாரையும் எதுவும் கேக்கறதில்ல.

முடிவெடுக்கற முறைன்னு பாத்தா எனக்கு தெரிஞ்சு ரொம்ப விவரமா எழுதி வச்சவர் சேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியார்தான். ஸ்பெயின்ல ஒரு போர்வீரர், 1521ல பம்ப்லோனா கோட்டையில பீரங்கி குண்டு கால்ல பட்டு மாசக்கணக்குல படுக்கையில கெடந்தார். வீர சாகச கதை படிக்க குடுங்கன்னு கேட்டா வீட்டுல இருந்தது இயேசு சரித்திரமும் புனிதர்கள் கதையும்தான். படுத்துட்டே ரெண்டு விதமா பகல் கனவு கண்டார், ராஜசபை, சீமாட்டி, வாள் வீச்சுன்னு ஒண்ணு, இந்த புனிதர்கள் மாதிரி நானும் செஞ்சா என்னன்னு இன்னொண்ணு. ரெண்டுமே காணுறப்ப சுகமாத்தான் இருந்துச்சு, ஆனா முதல் கனவு முடிஞ்சப்புறம் மனசு வறண்டு போச்சு, ரெண்டாவது முடிஞ்சப்புறமும் சந்தோஷம் நின்னுச்சு. இதுதான் அவர் கண்டுபுடிப்பு, ஒரு எண்ணம் வர்றப்ப இருக்கற உணர்ச்சியை பாக்காத, போனப்புறம் என்ன மிச்சம் வச்சுட்டு போகுதுன்னு பாரு. இதை எந்த மதத்துக்காரரும் வீட்டுல உக்காந்தே செய்யலாம். சிங்கப்பூர் போறதா முடிவாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு மூணு நாள் அப்படியே வாழ்ந்து பாருங்க, அப்புறம் போகலைன்னு நெனச்சு ரெண்டு மூணு நாள், ராத்திரி ராத்திரி மனசு எப்படி இருக்குன்னு குறிச்சு வைங்க. அவர் இன்னும் ரெண்டு வழி சொல்றார், முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் இதே கேள்வியோட வந்தா நீ என்ன சொல்லுவ, அதையே நீ செய். சாகப்போற நேரத்துல திரும்பி பாத்தா எதை தேர்ந்தெடுத்திருக்கணும்னு தோணும். ரொம்ப முக்கியமா, மனசு இருண்டு கெடக்கறப்ப ஏற்கனவே எடுத்த நல்ல முடிவை மாத்தாத. பாதி விவாகரத்தும் பாதி ராஜினாமாவும் இந்த ஒரு விதி தெரியாமதான் நடக்குதுன்னு எனக்கு ஒரு எண்ணம்.

சீக்கியர்கள் முறையை சென்னைல இருக்கறவங்க சுலபமா பாக்கலாம், டி.நகர் ஜி.என்.செட்டி ரோட்டு குருத்வாராவுக்கு யாரும் போகலாம், தலைய துணியால மூடிக்கணும், கால் கழுவிக்கணும். 1708ல குரு கோபிந்த் சிங் எனக்கப்புறம் மனுஷ குரு கிடையாது, இந்த கிரந்தம்தான் (சீக்கியர்களோட வேதப்புத்தகம்) குருன்னு சொல்லிட்டார், அதனால வழி கேக்கறதுன்னா புத்தகத்தை தோணுன பக்கத்துல தொறந்து இடது பக்கம் மேல வர்ற பாட்டை படிக்கறதுதான், ஹுக்கம்னு சொல்வாங்க. அதுல போ, வராதேன்னு வராது, அன்னிக்கு எப்படி நடந்துக்கணும்ங்கறதுதான் வரும். கேட்டுட்டு லங்கர்ல (எல்லாருக்கும் சாப்பாடு போடுற கூடம்) உக்காந்து சாப்ட்டு வாங்க.

இனி குரு. உயிரோட இருக்கற குருவை தேடுறது ஜீவசமாதில போய் உக்கார்றதை விட ரிஸ்க், ஏன்னா சமாதியில இருக்கறவர் உங்ககிட்ட செக் கேக்க மாட்டார். திருவான்மியூர்ல பாம்பன் சுவாமிகள், வடலூர்ல வள்ளலார் சபை, திருவண்ணாமலையில ரமணாசிரமம்னு எங்க போனாலும் முறை ஒண்ணுதான், போனதும் கேள்வியை கொட்டாதீங்க, சும்மா உக்காருங்க, மனசு இரைச்சல் அடங்க அரைமணி ஒருமணி ஆகும், அப்புறமும் அந்த கேள்வி மிச்சம் இருந்தா கேளுங்க. ரமணர் 1896ல பையனா அந்த ஊருக்கு வந்தவர், 1950 வரைக்கும் வேற எங்கயும் போகல, பெரும்பாலும் பேசாமதான் பதில், பேசினாலும் கேக்கற நீ யாருன்னு திருப்பிடுவார். தங்கணும்னா ஆசிரமத்துக்கு முன்னாடியே எழுதி இடம் வாங்கணும், கட்டணம் கிடையாது.

உயிரோட இருக்கறவர்னா சோதிங்க, சோதிக்கறது மரியாதைக்குறைவு இல்ல. திபெத்திய பௌத்தத்துல ஒருத்தரை குருவா ஏத்துக்கறதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் வரைக்கும் கவனிச்சு பாருன்னு சொல்ற வழக்கம் இருக்கு. புத்தர்கிட்ட காலாமர்கள்னு ஒரு ஊர்க்காரங்க வந்து, எங்க ஊருக்கு வர்ற ஒவ்வொருத்தரும் தன்னதுதான் சரி மத்ததெல்லாம் தப்புங்கறாங்க, யாரை நம்பன்னு கேட்டப்ப, இவர் எங்க குரு சொல்றார்ங்கறதுக்காகக்கூட ஏத்துக்காதீங்க, நடந்து பாத்து தீமைன்னு தெரிஞ்சா விடுங்க, நன்மைன்னு தெரிஞ்சா புடிச்சுக்கோங்கன்னார். நம்ம திருமூலரும் குருட்டை நீக்காத குருவை புடிச்சா குருடும் குருடும் சேர்ந்து குழியில விழுந்த கணக்குதான்னு ஒரு பாட்டுலயே முடிச்சுட்டார். நடைமுறைக்கு நான் பாக்கறது இதுதான்: வீட்டுல சொல்லாதன்னா கிளம்பிடுங்க, தோஷம் இருக்கு உடனே கழிக்கலைன்னா உயிருக்கு ஆபத்துன்னா கிளம்பிடுங்க, தனியா ராத்திரில வான்னா அப்ப செருப்பை கூட தேடாதீங்க.

இப்படி ஆள் பிடிக்கிற குருக்களுக்கு யாழ்ப்பாணத்துல நேர் எதிர். நல்லூர் தேரடியில இருந்த செல்லப்பா சுவாமி கிட்ட வர்றவங்களை ஏசி விரட்டுவார், அவர் சீடர் யோகர் சுவாமியும் (1872லேர்ந்து 1964) லேசுல ஆளை சேக்க மாட்டார், ஆனா சைவர் மட்டுமில்ல பௌத்தர், கிறிஸ்தவர் எல்லாரும் அவர் குடிலுக்கு போனாங்க. கிடைக்கிற பதில் "ஒரு பொல்லாப்பும் இல்லை", இல்லன்னா "எப்பவோ முடிந்த காரியம்". அதே யாழ்ப்பாணத்துல இருந்த சூஃபி பெரியவர் பாவா முகையதீன், அவரை இந்துக்கள் சுவாமின்னுதான் கூப்ட்டாங்க, 1971ல பிலடெல்பியாவுக்கு போயி அமெரிக்கர்களுக்கு தமிழ்லயே பேசினார், கூட இருந்தவங்க மொழிபெயர்த்தாங்க.

ஒரு மதத்துல இருந்துட்டு இன்னொரு மத குருகிட்ட போகலாமான்னு நிறைய பேருக்கு உறுத்தல். போனவங்க இருக்காங்க. குளித்தலை பக்கம் காவிரிக்கரையில சாந்திவனம் ஆசிரமம், 1950ல ரெண்டு பிரெஞ்சு பாதிரியார்கள் ஆரம்பிச்சது, அதுல ஒருத்தர் ஹென்றி லெ சோ, அபிஷிக்தானந்தர்னு பேர் வச்சுக்கிட்டவர். ரமணரை பாத்தார், அருணாசல குகைகள்ல இருந்தார், 1955ல திருக்கோயிலூர் ஞானானந்தரை சந்திச்சு அவரை குருவாவே ஏத்துக்கிட்டார், கடைசி வரைக்கும் பாதிரியாராவும் இருந்தார். லேசா இருக்கல, ரெண்டுக்கும் நடுவுல வருஷக்கணக்கா தவிச்சிருக்கார். கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில போதி ஜென்டோன்னு ஜென் தியான மையம், 1996ல அதை ஆரம்பிச்ச அமா சாமியும் (AMA Samy) சேசு சபை பாதிரியார்தான், ஜப்பான்ல போய் ஜென் கத்துக்கிட்டவர். நான் சொல்றது, ஒரு வீட்டுல வேர் இருக்கட்டும், இன்னொரு வீட்டுக்கு விருந்தாளியா போங்க, ஒரே கேள்வியை ஒரு நேரத்துல ஒரு எடத்துல மட்டும் கேளுங்க. குலதெய்வம் இருக்கறவங்க அங்க போயே வருஷமாச்சுன்னா முதல்ல அங்க போயிட்டு வாங்க.

இதுக்கு நடுவுல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். குரல் கேக்குது, அது உத்தரவு போடுது, தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, தன்னையோ அடுத்தவங்களையோ ஏதாவது பண்ண சொல்லுதுன்னா அது வழிகாட்டுதல் இல்ல, டாக்டர்கிட்ட போகணும், 14416க்கு போன் பண்ணா டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடில என்ன நடந்துச்சுன்னு மறந்துடாதீங்க, தர்காவுக்கு குணமாகட்டும்னு கூட்டிட்டு வந்து தனியார் காப்பகத்துல சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேர் தீயில எரிஞ்சு போனாங்க. அதுக்கப்புறம் அதே தர்காவுல துஆவோட மருந்தும்னு மனநல சிகிச்சையை சேத்தாங்க. மாத்திரை போட்டா சாமி கோவிச்சுக்கும்னு யாராவது சொன்னா அவர் பேச்சை கேக்காதீங்க.

பதில் வந்ததும் அந்த பேப்பர்லயே தேதி போட்டு எழுதி வைங்க, என்ன வந்துச்சு, எப்படி வந்துச்சு, நான் என்ன செஞ்சேன்னு, அப்பதான் ஆறு மாசம் கழிச்சு நெனப்பு கதையை மாத்தாது. நேர்த்திக்கடன் வச்சா சின்னதா வைங்க, பத்து பேருக்கு சாப்பாடு, ஒரு மொட்டை, வேளாங்கண்ணில மெழுகுவத்தி, நாகூர்ல ஒரு பாத்தியா (ஓதல்), அது மாதிரி. மொட்டைன்னா உங்க தலைக்கு வேண்டிக்கோங்க, காலேஜ் போற பொண்ணு தலைக்கு அவகிட்ட கேக்காம வேண்டிக்கிட்டு வந்து நின்னா அப்புறம் வீட்டுல நடக்கற சண்டைக்கு எந்த சாமியும் வராது.